இரவு மூன்று மணிக்கு வார்டில் எத்தனை செவிலியர்?

மருத்துவமனைகளின் கருத்துப் பெட்டிகளில் விழும் தாள்களில் செவிலியரைப் பற்றியவை பெரும்பாலும் இரண்டு வகையாகவே இருக்கும். ஒரு வகை பாராட்டு. "தாய்போலப் பார்த்துக்கொண்டார்கள்", "தெய்வம் மாதிரி வந்தார்கள்" என்று எழுதியிருப்பார்கள். மற்றொரு வகை மனக்குறை. "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் சிஸ்டர் வரவில்லை", "ஒரு கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறார்" என்று இருக்கும். நள்ளிரவில் வலியோடு கிடப்பவருக்கும், அவர் அருகில் கண்விழித்து அமர்ந்திருப்பவருக்கும் அந்த மனக்குறை ஏற்படுவது இயல்பே. அதைச் சொல்ல அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு.

ஆயினும் இவ்விரு வகைத் தாள்களிலும் ஒரு கேள்வி விடுபட்டுப் போவதாக எங்களுக்குத் தோன்றுகிறது. அன்றைய இரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள், அவர்களுக்கு எத்தனை செவிலியர் இருந்தார்கள், அந்தச் செவிலியர் எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார் என்பதே அக்கேள்வி. செவிலியரின் களைப்பை அவருடைய குணத்தோடு சேர்த்துப் பார்ப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சிரித்தால் நல்லவர், சிரிக்காவிட்டால் கடுமையானவர் என்று முடிவு செய்துவிடுகிறோம். பணி அட்டவணையும், ஆள் எண்ணிக்கையும், இடைவிடாத மனச்சுமையும் சேர்ந்துதான் இக்களைப்பை உண்டாக்குகின்றன என்பதும், அதன் விலையைக் கடைசியில் நோயாளியே கொடுக்கிறார் என்பதும் எங்கள் கருத்து. ஆகவே இதைச் செவிலியர்களின் தொழிற்கோரிக்கை என்று மட்டும் ஒதுக்கிவிடாமல், நோயாளிகளின் பாதுகாப்பு சார்ந்த செய்தியாகவும் காண வேண்டும் என்று வேண்டுகிறோம்.

இரவுப் பணியும் உடலின் கடிகாரமும்

சங்கரன்கோவிலில் வாழ்வோருக்கு முறைப்பணியின் இயல்பைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. விசைத்தறிக் கூடத்தில் இரவு ஷிப்டு பார்த்தவர்களும், விடியுமுன்னே பூப்பறித்துச் சந்தைக்குக் கொண்டு வருபவர்களும் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அதிகாலை மூன்று மணி முதல் ஐந்து மணி வரையுள்ள நேரம் எத்தகையது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கண் திறந்திருக்கும், கை வேலை செய்யும், ஆனால் கவனம் இடையிடையே நழுவிப் போகும். தறியில் இழை அறுந்தால் துணியில் ஒரு குறை விழும். மருத்துவமனையிலோ அந்நேரத்தில் செவிலியரின் கையில் ஊசிமருந்து இருக்கிறது.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் பகல் இரவை அளக்கும் கடிகாரம் ஒன்று இயங்குகிறது. அதன் நுட்பத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு 2017-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரவில் உடல் வெப்பம் தாழ்கிறது, உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பு மிகுகிறது, விழிப்புணர்வு குன்றுகிறது. மன உறுதி எவ்வளவு இருந்தாலும் இந்த ஏற்றத்தாழ்வை முற்றிலும் வெல்ல முடியாது. பகலில் உறங்கி ஈடு செய்யலாமே எனலாம். பகல் உறக்கம் இரவு உறக்கத்தைவிடக் குறுகியது. வெளிச்சத்தாலும் ஓசையாலும் எளிதில் கலைவது. வாரத்துக்கு வாரம் முறை மாறும்போது உடற்கடிகாரம் எந்த முறைக்கும் முழுமையாகப் பழகாமல் தத்தளிக்கிறது.

விழித்திருக்கும் நேரம் கூடக்கூட என்ன நிகழ்கிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 1997-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஒப்பீட்டின் வழியே காட்டினர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் செயல்திறன் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 விழுக்காட்டுக்கு நிகராகிறது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல், அதாவது 0.03 விழுக்காட்டுக்கு மேல், மது இருந்தாலே வாகனம் ஓட்டுவது குற்றம்.

இக்கணக்கை ஒரு செவிலியரின் நாளோடு பொருத்திப் பார்ப்போம். முதல் நாள் இரவுப் பணிக்கு வருபவர் அன்று காலை ஆறு மணிக்கு எழுந்து, சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பகலில் கண்ணயர வாய்ப்பின்றிப் பணிக்கு வந்தால், இரவு 11 மணிக்கே 17 மணி நேர விழிப்பு நிறைவுற்றுவிடுகிறது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அது 24 மணி நேரமாகிறது. அந்தக் காலை வேளையில்தான் இரத்த மாதிரிகள் எடுத்தல், காலை மருந்துகள் கொடுத்தல், அறுவை அரங்குக்கு நோயாளிகளை ஆயத்தம் செய்தல், அடுத்த முறையினரிடம் பொறுப்பை ஒப்படைத்தல் ஆகிய அனைத்தும் ஒன்றாக வந்து குவிகின்றன. அதன்பின் அவர் இருசக்கர வாகனத்தில் ராஜபாளையம் சாலையிலோ திருநெல்வேலி சாலையிலோ வீடு திரும்ப வேண்டும். வீட்டில் அவருக்காகக் காத்திருப்பது படுக்கையன்று. பெரும்பாலும் அடுப்பும் துணி மூட்டையும்தான்.

கண்ணுக்குத் தெரியாத சுமை

உடல் உழைப்பு வெளியே தெரிகிறது. செவிலியர் வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பதையும், நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பதையும் எல்லோரும் காண்கிறோம். அவர் மனத்தில் சுமந்து நடப்பது யாருக்கும் தெரிவதில்லை.

நம் பகுதி வார்டுகளில் காணக்கூடிய ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். வயலில் பாம்பு கடித்து ஒருவர் வந்திருக்கிறார். அவருடைய இரத்தம் உறைகிறதா என்று அறிய, 2 மில்லி லிட்டர் இரத்தத்தைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் வைத்து, சரியாக 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பூச்சிமருந்து நஞ்சேறிய மற்றொருவருக்கு அட்ரோபின் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அவருடைய கண்மணி, நாடித்துடிப்பு, நெஞ்சில் சளியொலி ஆகியவற்றை அடிக்கடி பார்த்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். டெங்குக் காய்ச்சலில் உள்ள சிறுமிக்கு நீர்மம் எவ்வளவு ஏறியது, சிறுநீர் எவ்வளவு பிரிந்தது என்பதை மணிக்கணக்கில் குறிக்க வேண்டும். இன்சுலின் போட்ட முதியவருக்குச் சர்க்கரை தாழாமல் பார்க்க வேண்டும். பத்து மணிக்கு ஒருவருக்கு, பன்னிரண்டு மணிக்கு மூவருக்கு என நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வரிசையில் காத்திருக்கின்றன.

இவை ஒவ்வொன்றும் எளிய வேலைதான். இவற்றை எல்லாம் ஒரே மனத்தில், ஒரே நேரத்தில், ஒன்றையும் மறவாமல் வைத்திருப்பதே கடினம். கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து வைத்த ஐந்தாம் நிமிடம் ஒருவர் "டிரிப்ஸ் தீர்ந்துவிட்டது" என்கிறார். ஏழாம் நிமிடம் தொலைபேசி ஒலிக்கிறது. பத்தாம் நிமிடம் காப்பீட்டுத் தாளில் கையொப்பம் கேட்டு ஒருவர் வருகிறார். பதினைந்தாம் நிமிடம் புதிய நோயாளி ஒருவரை உள்ளே கொண்டு வருகிறார்கள். இருபதாம் நிமிடம் அந்தக் குழாய் நினைவுக்கு வர வேண்டும். வராமல் போனால் பாம்பு நஞ்சுக்கான மாற்று மருந்தைத் தொடங்குவது தள்ளிப்போகும்.

இவ்வாறு வேலைக்கு நடுவே குறுக்கிடுவது எவ்வளவு தீங்கானது என்பதை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இரண்டு மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டனர். 98 செவிலியர் 4,271 முறை மருந்து கொடுத்ததை அருகிலிருந்து கவனித்தனர். பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் செவிலியர் இடையில் குறுக்கிடப்பட்டனர். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துப் பிழை ஏறத்தாழ 12 முதல் 13 விழுக்காடு கூடியது. ஒரே மருந்து கொடுக்கும்போது நான்கு முறை குறுக்கிட்டால், நோயாளிக்குப் பெருந்தீங்கு விளைக்கக்கூடிய பிழையின் அபாயம் இருமடங்காயிற்று. அனுபவம் மிக்க செவிலியருக்கும் கவனம் என்பது அளவுள்ள பொருளே. இரவும் களைப்பும் சேரும்போது அது இன்னும் சுருங்குகிறது.

பணி நேரத்தின் நீளமும் இதில் சேர்கிறது. அமெரிக்காவில் 393 செவிலியர் எழுதி வைத்த பணிக்குறிப்புகளை ஆராய்ந்து 2004-ல் வெளியான ஆய்வில், பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பணியாற்றியவர்கள் பிழை செய்யும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது.

எண்ணிக்கை சொல்லும் செய்தி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த அறிக்கை ஒன்று 2002-ல் வெளியாயிற்று. செவிலியர் ஒருவரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது என்று அது கண்டது. நான்கு பேரைப் பார்ப்பதற்கும் எட்டுப் பேரைப் பார்ப்பதற்கும் இடையே அந்த வேறுபாடு 31 விழுக்காடு. அங்குள்ள கலிபோர்னியா மாநிலம் 1999-ல் சட்டம் இயற்றி, 2004 முதல் பொது வார்டில் ஒரு செவிலியருக்கு ஆறு நோயாளிகளுக்கு மேல் கூடாது என்றும், 2005 முதல் ஐந்துக்கு மேல் கூடாது என்றும் வரம்பு கட்டியது.

நம் நாட்டில் இந்தியச் செவிலியர் மன்றம் அளவுகோல் வகுத்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் மூன்று படுக்கைகளுக்கு ஒரு செவிலியர். பிற பொது மருத்துவமனைகளில் ஐந்து படுக்கைகளுக்கு ஒருவர். இவற்றுடன் விடுப்பில் செல்வோருக்கு ஈடாக 30 விழுக்காடு கூடுதல் ஆட்கள். கேட்பதற்கு இது நிறைவாகத் தோன்றும். ஆனால் ஒரு நாளின் மூன்று முறைகளுக்கும் சேர்த்தே இந்த எண்ணிக்கை கணக்கிடப்படுகிறது. மூன்றாகப் பங்கிட்டால், ஒரு முறையில் கல்லூரி மருத்துவமனையில் ஒன்பது பேருக்கு ஒருவர்; மற்ற இடங்களில் பதினைந்து பேருக்கு ஒருவர். 30 படுக்கைகள் கொண்ட வார்டில் ஐந்துக்கு ஒன்று என்னும் அளவு முழுமையாக நிறைவேறினால்கூட இரவில் இருவரே இருப்பர். அவர்களில் ஒருவர், நிலைமை மோசமான நோயாளியுடன் ஆம்புலன்சில் திருநெல்வேலிக்குச் சென்றுவிட்டால் எஞ்சுபவர் ஒருவரே. விடுப்புக்கான 30 விழுக்காட்டை நிரப்பாமல் விட்டால் நிலை இன்னும் இறங்கும். ஆடித்தபசுக்கு ஊரே நிரம்பும் நாட்களில் நோயாளிகள் கூடுவார்கள், செவிலியர் கூடமாட்டார்கள்.

ஆள் குறைவுக்கும் ஊதியத்துக்கும் உள்ள உறவைத் தமிழ்நாடு கண்கூடாகக் கண்டிருக்கிறது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வின் வழியே 7,000-க்கும் மேற்பட்ட செவிலியர் அரசு மருத்துவமனைகளுக்கு ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டனர். அவர்களுக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். நிலையான பணியில் இருப்போர் பார்த்த அதே வார்டையும் அதே இரவையும் அவர்களும் பார்த்தனர். 2017 நவம்பர் 27 அன்று சென்னைத் தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் அவர்கள் திரண்டு அமர்ந்தபோது, "நோயாளிகளை விட்டுவிட்டுப் போராட்டமா?" என்று பலர் கேட்டனர். உயர் நீதிமன்றம் தலையிட்டபின் அவர்கள் பணிக்குத் திரும்பினர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நாளை இந்த வேலை இருக்குமா என்னும் கவலையோடும், கடன் தவணையை எண்ணியபடியும் ஒருவர் இரவில் மருந்தளவைக் கணக்கிடும்போது, அந்தக் கவலையும் மனச்சுமையின் ஒரு பகுதியே என்பதை நாம் மறக்கலாகாது.

தனியார் மருத்துவமனைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29 அன்று கருத்துச் செலுத்தியது. அதன்பேரில் அமைந்த நிபுணர் குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்றும், 50 படுக்கைகளுக்குக் குறைந்தவையும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றும், பணி நேரம், விடுப்பு, போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவை அரசுப் பணிக்கு ஒப்பாக அமைய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை தாளில் இருக்கிறது. அது வார்டுக்கு வந்து சேர வேண்டும்.

இரவு முறை ஏன் நீள்கிறது?

பல மருத்துவமனைகளில் பகலில் ஆறு மணி நேர முறைகள் இரண்டும், இரவில் பன்னிரண்டு மணி நேர முறை ஒன்றும் நடைமுறையில் உள்ளன. மனிதனின் விழிப்பு மிகவும் தாழும் வேளையில் பணி மிகவும் நீள்கிறது என்பது முரணாகத் தோன்றலாம். இதற்கு ஒரு காரணம் உண்டு. எட்டு மணி நேர முறையானால் இரவு ஒன்பது பத்து மணிக்கு ஒருவர் பணி முடித்து வெளியே வர வேண்டும், மற்றொருவர் உள்ளே வர வேண்டும். புளியங்குடிக்கோ திருவேங்கடத்துக்கோ, அங்கிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூருக்கோ செல்ல வேண்டிய இளம்பெண் அந்நேரத்தில் எந்தப் பேருந்தை நம்புவார்? ஆகவே செவிலியரிலேயே பலர் நீண்ட இரவை விரும்பி ஏற்கின்றனர்.

இதனை ஏற்றுக்கொண்டே நாங்கள் ஒன்றைச் சொல்கிறோம். நீண்ட இரவைக் குறைக்க வேண்டுமெனில் அட்டவணையை மட்டும் மாற்றிப் பயனில்லை. மருத்துவமனை வாகனமும், பாதுகாப்பான தங்கும் அறையும் அதனோடு சேர்ந்து வர வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் நெடும்பணிக்கிடையே ஓய்வெடுத்த இளம் மருத்துவர் கொல்லப்பட்ட கொடுமை, ஓய்வறை என்பது வசதி சார்ந்ததா உயிர் சார்ந்ததா என்னும் ஐயத்தைத் தீர்த்துவிட்டது. நீண்ட இரவு தவிர்க்க இயலாத இடங்களில், நடுவே 20 அல்லது 30 நிமிடம் கண்ணயர முறையான இடைவேளை தரலாம். அவ்வேளையில் அவருடைய நோயாளிகளைப் பார்க்க வேறொருவர் இருக்க வேண்டும். இருவர் மட்டுமே உள்ள வார்டில் இது நடவாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணிக்கையே வந்து நிற்கிறது.

செலவு என்னும் மறுமொழி

"சிறிய ஊர் மருத்துவமனை, கூடுதல் செவிலியரை வைத்தால் கட்டணம் உயரும், அதை நோயாளிதானே தாங்க வேண்டும்?" என்று கேட்பார்கள். கேள்வி நேர்மையானது. ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து மாநிலம் இதற்கு ஒரு விடை தருகிறது. அங்கு 2016-ல் சில அரசு மருத்துவமனைகளில் செவிலியர் எண்ணிக்கைக்குச் சட்ட வரம்பு வந்தது. அம்மருத்துவமனைகளை மற்றவற்றோடு ஒப்பிட்டு 2021-ல் வெளியான ஆய்வு, இறப்பும், மீண்டும் வந்து சேர்தலும், படுக்கையில் தங்கும் நாட்களும் சீரடைந்ததைக் காட்டியது. அதனால் மிச்சமான தொகை, கூடுதல் செவிலியருக்குச் செலவிட்டதைப் போல இருமடங்குக்கும் மேல்.

நோயாளி ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினால் குடும்பத்துக்கு மிஞ்சுவது அறை வாடகை மட்டுமன்று. கூட இருப்பவரின் ஒரு நாள் கூலியும் மிஞ்சுகிறது. மறுபுறம், களைத்த செவிலியர் ஒருவர் பணியை விட்டு விலகினால், புதியவரைப் பழக்க மாதங்கள் ஆகின்றன. நம் மாநிலத்தில் பயிற்சி பெற்றவர்கள் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்வதற்குப் பணம் மட்டும் காரணமன்று. ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அங்கே ஒரு வரையறை எதிர்பார்க்கலாம் என்னும் நம்பிக்கையும் காரணம் என்று கருதுகிறோம்.

யார் யார் என்ன செய்யலாம்?

நிர்வாகத்தின் பங்கே முதன்மையானது. முறை மாற்றம் காலை, மாலை, இரவு என முன்னோக்கிச் செல்லுமாறு அமைதல் வேண்டும். உடற்கடிகாரம் அதற்கு ஓரளவு இசைகிறது. தொடர்ந்து வரும் இரவுகளுக்கு வரம்பும், அவற்றின்பின் உண்மையான ஓய்வு நாளும் வேண்டும். காப்பீட்டுத் தாள்கள், மருந்தகத்துக்கு நடத்தல், கணக்குப் பதிதல் போன்றவற்றைச் செவிலியரின் தோளிலிருந்து இறக்கி, அதற்கென ஆட்களை அமர்த்த வேண்டும்.

மருத்துவர்களாகிய எங்களுக்கும் கடமை உண்டு. மருந்துக் குறிப்பைப் படிக்கத்தக்க வகையில் எழுதுவதும், அவசரமல்லாதவற்றை வார்டுச் சுற்றின்போதே ஒரு சேரச் சொல்லிவிடுவதும், தொலைபேசி வழியான வாய்மொழி ஆணைகளை மிகக் குறைப்பதும் செவிலியரின் மனச்சுமையை நேரடியாகக் குறைக்கும். "ஐயம் இருந்தால் எந்நேரமும் எழுப்புங்கள்" என்று சொல்வதோடு, எழுப்பும்போது சினமின்றிப் பேசுவதும் அதில் அடங்கும்.

குடும்பத்தினரிடம் சிலவற்றை வேண்டுகிறோம். ஒரு நோயாளிக்கு ஒருவர் பேசுவது என்று உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். காலையில் அண்ணன், நண்பகலில் அத்தை, மாலையில் மருமகன் என ஒரே கேள்வியை மூவர் கேட்கும்போது செவிலியர் மூன்று முறை வேலையை நிறுத்த வேண்டியிருக்கிறது. அவசரமில்லாத ஐயங்களை ஒரு தாளில் குறித்துவைத்து, மருத்துவர் வரும்போது கேளுங்கள். செவிலியர் மருந்து எடுத்து அளந்துகொண்டிருக்கும் சில நிமிடங்களிலும், முறை மாறிப் பொறுப்பு ஒப்படைக்கும் நேரத்திலும் பொதுவான பேச்சைத் தவிர்த்துவிடுங்கள். சலைன் பாட்டில் முழுவதும் தீரும்வரை காத்திராமல், தீரும் தறுவாயிலேயே ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

இவ்வேண்டுகோளைத் தவறாகப் பொருள் கொள்ள வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இரத்தப்போக்கு, வலிப்பு, நினைவு தடுமாறுதல், ஊசி ஏறும் இடத்தில் வீக்கம், மருந்து ஏறும்போது அரிப்போ நடுக்கமோ கண்டால், செவிலியர் எந்த வேலையில் இருந்தாலும் உடனே அழையுங்கள். ஊசி போடும்முன் நோயாளியின் பெயரைச் சொல்வதும், "இது எதற்கான மருந்து?" என்று கேட்பதும் குறுக்கீடு ஆகா. அவை பிழையைத் தடுக்கும் கடைசி வேலி. களைத்த மனத்துக்கு உங்கள் கேள்வி ஒரு துணை. முன்பு ஏதேனும் மருந்து ஒவ்வாமல் போயிருந்தால் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுங்கள். சொன்னதையே திரும்பச் சொல்கிறோமே என்று கூச வேண்டாம்.

ஒரு பலகை

இங்கிலாந்தில் மருத்துவமனை ஒன்றில் நிகழ்ந்த பெருங்குறைகளை விசாரித்த அறிக்கை 2013-ல் வெளியானபின், அங்குள்ள அரசு மருத்துவமனைகள் 2014 முதல் ஒவ்வொரு வார்டின் வாயிலிலும் ஒரு செய்தியை எழுதி வைக்கலாயின. இந்த முறையில் எத்தனை செவிலியர் இருக்க வேண்டும், இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே அச்செய்தி. அதை எழுதப் பெருஞ்செலவு இல்லை. ஒரு கரும்பலகையும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும்.

அத்தகைய பலகை நம் ஊரின் ஒவ்வொரு மருத்துவமனையிலும், அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், ஒவ்வொரு வார்டிலும் இருக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. நாங்கள் பணியாற்றும் இம்மருத்துவமனைக்கும் இது பொருந்தும். "நோயாளிகள் 26, செவிலியர் 2" என்று எழுதியிருந்தால், அதைப் படிக்கும் குடும்பத்தினர் தாமதத்தின் காரணத்தை அறிவர். அவர்களுடைய சினம், களைத்து நிற்கும் அந்தப் பெண்ணின்மேல் பாயாமல், விடை சொல்ல வேண்டியவரிடம் கேள்வியாகச் சென்று சேரும். எண்ணிக்கை வெளியே தெரியும் இடத்தில் அதைக் குறைத்து வைப்பது எளிதன்று.

நீங்கள் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் கருத்துத் தாளை நிரப்புவீர்கள். செவிலியரைப் பாராட்ட நினைத்தால் பாராட்டுங்கள். குறை இருந்தால் குறையை எழுதுங்கள். எதை எழுதினாலும் அதன் கீழே ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்: "இரவு மூன்று மணிக்கு இந்த வார்டில் எத்தனை செவிலியர் இருந்தார்கள்?" அந்த ஒரு வரி நிர்வாகத்தின் மேசைக்குப் போகும். பலர் கேட்டால் அதற்கு விடை சொல்லியே ஆக வேண்டியிருக்கும். அடுத்து அந்தப் படுக்கைக்கு வரும் நோயாளிக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவிகளில் அதுவும் ஒன்று.